திறந்து பார்த்து வாங்கிய பெட்டி

பழைய எஞ்சின் கம்ப்யூட்டர் ஒன்றை யாராவது என் பட்டறைக்குக் கொண்டுவந்தால் முதலில் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பேன். கருகிய டிரான்சிஸ்டருக்கு ஒரு வாடை உண்டு. வருடக்கணக்கில் பெட்டிக்குள் தங்கி நிற்கும். வெள்ளத்தில் மூழ்கிய போர்டு ஐப்பசி மழையில் காயாத சாக்கு மாதிரி நாறும். தின்னர் வாடை அடித்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். யாரோ எதையோ துடைத்து மறைத்திருக்கிறார்கள்.

1986இல் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு டீசல் பம்ப் பட்டறையில் சேர்ந்தேன். அப்போது வந்த வேலையில் பாதி விசைப்படகு எஞ்சின்களின் பம்ப். பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்து டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஓட்டினால் ஆறு கண்ணாடிக் குழாய்களில் டீசல் விழும். ஆறிலும் ஒரே மட்டம் வர வேண்டும். ஒன்றில் ஒரு கோடு குறைந்தாலும் மேஸ்திரி விடமாட்டார். கடலில் முப்பது மைல் தாண்டிப் போகிற எஞ்சின் அது. "பாத்தியால, எஞ்சின் ரெண்டே கேள்விதான் கேக்கும். எவ்வளவு எண்ணெய், எந்த நேரத்துல? மத்ததெல்லாம் இரும்பு" என்பார். பின்னால் நான் கார்புரேட்டருக்கு வந்தேன், அப்புறம் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கு வந்தேன், கடைசியில் லேப்டாப்புக்கும் வந்து சேர்ந்தேன். இன்று திரையில் 16 வரிசை, 16 பத்தி, 256 கட்டங்கள் உள்ள எண்ணெய் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அதே இரண்டு கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

கம்பெனி காரோடு வரும் கம்ப்யூட்டர் பூட்டி வைத்த பெட்டி. அந்த எஞ்சினுக்கு, அந்தச் சைலன்சருக்கு, அந்தக் காற்று வடிகட்டிக்கு என்று கணக்கெழுதி மூடியிருப்பார்கள். பந்தயத்துக்காக எஞ்சினை மாற்றிக் கட்டினால் பழைய கணக்கு ஒத்துவராது. அப்போதுதான் வெளிச்சந்தையில் கிடைக்கும் டியூனிங் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது. பைக்குகளுக்கு பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் செய்யும் பவர்ட்ரானிக்கைப் பலரும் போடுகிறார்கள். அது கம்பெனி கம்ப்யூட்டரை எடுத்துவிடாமல் கூடவே உட்கார்ந்து, இன்ஜெக்டருக்கும் ஸ்பார்க்குக்கும் போகிற கட்டளையை நடுவில் திருத்தும். மாடலுக்கு மாடல் கப்ளர் வேறு, கணக்கு வேறு. பழையதாக வாங்குகிறவர் தன் பைக்கின் மாடலுக்கென்று செய்ததா என்று பார்த்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

காருக்கு நான் அதிகம் கைவைத்தது மெகாஸ்கொயர்ட். புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2001இல் வெளியிட்டார்கள். வாங்குகிறவனே உதிரிகளை எடுத்து ஈயம் வைத்துச் செய்துகொள்ளலாம் என்பதுதான் அதன் அழகு. பழையதாக வாங்கும்போது ஆபத்தும் அதிலிருந்தே வருகிறது. எந்தக் கை ஈயம் வைத்தது, எந்த எஞ்சினுக்காக வைத்தது என்று பெட்டியின் மேலே எழுதியிருக்காது.

இனி என்னிடம் வந்த ஒரு தம்பியின் கதை. உப்பள வியாபாரக் குடும்பத்துப் பையன். ஒரு பழைய மாருதி எஸ்டீமை வாங்கி, சீட்டெல்லாம் கழற்றி, ரோல் கேஜ் போட்டு வைத்திருந்தான். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட வேண்டும் என்பது ஆசை. அந்தக் களத்துக்குப் பெயர் தந்தவர் எஸ். கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைச் செய்து, நம் ஊர்ப் பையன்களும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் உட்காரலாம் என்று காட்டிய மனிதர். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். நாராயண் கார்த்திகேயன் போன்ற பந்தய ஓட்டுநர்கள் அந்தக் காரில்தான் தொடங்கினார்கள். எஸ்டீமின் 1298 சிசி எஞ்சினும் அந்தப் பாரம்பரியத்தில் வந்ததுதான். சின்ன எஞ்சின், ஆனால் சுற்றுக்கு அஞ்சாது. நான் மதிக்கிற எஞ்சின்.

ஒருநாள் சாயங்காலம் கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான்.

"அண்ணாச்சி, மெகாஸ்கொயர்ட் கெடச்சிட்டு. பதினாலாயிரம்தான்."

"பணம் குடுத்திட்டியா தம்பி?"

"குடுத்திட்டேன். கழட்டும்போது ஓடிக்கிட்டிருந்த வண்டின்னு சொன்னாங்க."

வெளியூரில் முன்பின் தெரியாத ஒருவரிடம் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பி, பார்சலில் வரவழைத்திருக்கிறான். முகர்ந்தேன். தின்னர். மூடியின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி போர்டை வெளியே இழுத்தேன். மேல்பக்கம் பளபளவென்று இருந்தது. சிப் உட்காரும் சாக்கெட்டின் அடியில், பிரஷ் நுழையாத இடத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பச்சைக் களிம்பு. 37 பின் கப்ளரின் வேரில் வெள்ளைப் பொடி ஒரு கோடாகப் படிந்திருந்தது. தண்ணீர் அந்த மட்டத்தில் நின்று வடிந்திருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கிய பிறகும், 2023 டிசம்பரில் எங்கள் மாவட்டமே மூழ்கிய பிறகும் இப்படிப்பட்ட சாமான்களைக் கண்டு கண்டு எனக்குப் பழகிவிட்டது. அந்த 2023 மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எத்தனை வண்டி, எத்தனை கம்ப்யூட்டர் தண்ணீருக்குள் இருந்திருக்கும்! அதையெல்லாம் குழியில் போட்டு மூடவா செய்தார்கள்?

பையன் முகம் விழுந்துவிட்டது. உடனே தூக்கிப் போட எனக்கும் மனம் வரவில்லை. ஜிம்ஸ்டிம் என்று ஒரு சோதனைப் பலகை இருக்கிறது. எஞ்சின் ஓடுவதுபோலப் பொய்யாகச் சைகை கொடுக்கும். அதில் மாட்டினேன். அருமையாக ஓடியது. அரைமணி நேரம் ஒரு குறையும் இல்லை. படத்தை மட்டும் பார்த்தவர், ஏன், பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தவரும்கூட, நல்ல பெட்டி என்றே சொல்லியிருப்பார். தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து போர்டில் சூடு காட்டினேன். ரீசெட். ஆறவிட்டேன், ஓடியது. சூடு காட்டினேன், மறுபடி ரீசெட். களத்தில் மூன்றாவது சுற்றில், வெயில் ஏறிய காருக்குள், வளைவின் நடுவில் இது நடந்திருந்தால்? பதினாலாயிரம் போனது போனதுதான். விற்றவர் போனை எடுக்கவில்லை.

என் தாத்தா முத்துக்குளித்தவர். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு 1961இல் நடந்ததோடு நின்றுபோயிற்று. சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள் என்று அவர் சொல்வார். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்று ஏலம் எடுக்கிறவருக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததில்லை. சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புப் பருவத்துக்கு, முன்பே கடலடிப் பாரில் மாதிரிச் சிப்பி எடுத்து, திறந்து, கழுவி, கிடைத்த முத்தைச் சல்லடைப் பெட்டிகளில் சலித்துத் தரம் பிரித்து மதிப்புப் போட்டிருப்பார்கள். சிப்பியைத் திறந்தால் சிப்பி செத்துவிடும், அதனால் மாதிரியோடு திருப்தி அடைய வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் பெட்டி திறந்தால் சாகாது. நாலு ஸ்க்ரூ. திறக்க விடாத ஆளிடம் நான் இப்போது எதையும் வாங்குவதில்லை. வாங்கச் சொல்வதும் இல்லை.

இரண்டாவது பெட்டிக்குக் கோயம்புத்தூருக்கு நேரிலேயே போனோம். லேப்டாப், சோதனைப் பலகை, மல்டிமீட்டர், பூதக்கண்ணாடி, அந்தச் சூட்டுக் கருவி எல்லாம் என் பையில். விற்றவர் தானே பந்தயம் ஓட்டியவர். பெட்டியை மேசையில் வைத்து ஸ்க்ரூ டிரைவரையும் பக்கத்தில் வைத்தார். அப்போதே எனக்குப் பாதி நிம்மதி. உள்ளே ஈயம் ஒவ்வொன்றும் சின்ன மலைபோலப் பளிச்சென்று நின்றது. ஒரு மணி நேரம் சூடாக்கியும் ரீசெட் இல்லை. 22,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். புதிதாக வெளிநாட்டிலிருந்து இறக்கினால் சுங்கவரியோடு அதைப்போல இரண்டு மடங்கு வரும். கிளம்பும்போது பழைய நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளைக் கொடுத்தார். எந்தப் பின்னுக்கு எந்த நிற வயர், போர்டில் எங்கே எதைத் தாண்டிப் பாலம் போட்டிருக்கிறது, எல்லாம் பேனாவில் எழுதியிருந்தது. பெட்டிக்குத் தந்த விலையில் பாதியை அந்தத் தாளுக்கே தரலாம்.

ஏனென்றால் அந்த போர்டு வேறொரு எஞ்சினுக்காகக் கட்டியது. டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்த ஹால் சென்சாரிலிருந்து சைகை வாங்கி, ஒரே ஒரு காயிலை அடிக்கும்படி செய்திருந்தார்கள். நாங்கள் வைக்கப்போவது கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்றை எடுத்துவிட்ட சக்கரம், எதிரே காந்தச் சுருள் சென்சார், ஃபோர்டு ஐகானின் இரட்டைக் காயில் பேக். ஆகவே போர்டில் உள்ள பாலங்களை எடுத்து, காந்தச் சென்சார் சுற்றுக்கு மாற்றி, காயில் அடிக்க இரண்டு டிரைவர் வைக்க வேண்டியிருந்தது. இதைச் செய்யாமல் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஆறு மாதம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். பெட்டி கெட்டுவிட்டது என்று விற்றும் விடுவார்கள். நல்ல பெட்டிதான், அது கேட்கிற மொழி வேறு.

வயரிங்குக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். இந்த ஊரில் செம்புக் கம்பியைச் சும்மா நம்பக் கூடாது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில். நகரத்துக்கு வடக்கேயும் தெற்கேயும் உப்பளம், கிழக்கே கடல். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்போடுதான் வரும். வெட்டிவிட்ட வயர் முனையில் ஈரம் ஏறினால் களிம்பு ரப்பர் உறைக்குள்ளேயே நடக்கும். முனையில் கொஞ்சம் பச்சை தெரிந்தால் ஒரு சாண் உள்ளே வரைக்கும் கறுத்திருக்கும். சிவப்புச் செம்பு தெரிகிறவரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். படகுகளுக்குப் போடுகிற, வெள்ளீயம் பூசிய கம்பியைத்தான் நான் வாங்குவேன். விலை கூடத்தான். மெகாஸ்கொயர்ட் பெட்டி தண்ணீர் புகாத பெட்டி இல்லை, ஆகவே எஞ்சின் பக்கம் வைக்கவே மாட்டேன். டேஷ்போர்டுக்குக் கீழே, கப்ளர் தரையைப் பார்க்கும்படி வைப்பேன். வயர் கீழே தொங்கி வளைந்து மேலேறினால், வழிந்துவரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனும் பார்த்தாகிவிட்டது. இன்ஜெக்டர் சுருள் ஒவ்வொன்றும் 13 ஓம் காட்டியது. இரண்டு மூன்று ஓம் காட்டும் ரகமாக இருந்தால் பெட்டிக்குள் அதை ஓட்டும் டிரைவரைப் பொசுக்கிவிடும், தனி ஏற்பாடு வேண்டும்.

முதல் நாள் ஸ்டார்ட் ஆனது. பையன் ஆடியே விட்டான். நான் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தேன். ஐடிலில் குறி சரியாக நின்றது. சுற்றைக் கூட்டினால் குறி நகர்ந்துகொண்டே போனது, நேரத்தைப் பத்து டிகிரியில் பூட்டி வைத்திருந்தும். சென்சாரின் இரண்டு வயரும் இடம் மாறியிருந்தன. பல் கடக்கும்போது காந்தச் சென்சாரின் அலை ஏறி, பல்லின் நடுவில் சட்டென்று பூஜ்யத்தைத் தாண்டி இறங்கும். கம்ப்யூட்டர் பிடிக்க வேண்டியது அந்தச் செங்குத்தான இடத்தை. வயர் மாறினால் இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள மந்தமான சரிவைப் பிடிக்கும். வேகம் மாற மாற அந்த இடமும் மாறும். இரண்டு வயரை மாற்றிப் போட்டதும் குறி பசை வைத்து ஒட்டியதுபோல நின்றது. இதைக் கவனிக்காமல் டியூன் செய்தவர்கள் பிஸ்டனை ஓட்டை போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது என்னை நாலு நாள் தூங்கவிடவில்லை. எஞ்சின் சூடாகி அழகாக ஓடும். ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்ததும் முக்க ஆரம்பிக்கும், சைலன்சரில் பெட்ரோல் வாடை வரும். ஃபேன் நின்றால் சரியாகிவிடும். பையன் பெட்டி மேல் சந்தேகப்பட்டான். "இதுவும் ஏமாத்திட்டா அண்ணாச்சி?" என்று அவன் கேட்டபோது எனக்கே ஒரு கணம் திக்கென்றது. லேப்டாப்பில் பதிவை ஓடவிட்டுப் பார்த்தேன். ஃபேன் போடுகிற அந்த நொடியில் தண்ணீர்ச் சூடு 80 டிகிரியிலிருந்து 65க்கு இறங்குகிறது. ஒரு நொடியில் தண்ணீர் 15 டிகிரி ஆறுமா?

நான் செய்த பிழைதான். சூட்டுச் சென்சாரின் எர்த் வயரை, பக்கத்தில் இருந்தது என்று, பாடியில் ஏற்கனவே இருந்த ஒரு லக்கோடு சேர்த்துவிட்டேன். ஃபேனின் எர்த்தும் அங்கேதான். அந்த லக்கின் அடியில் துரு. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை அந்த லக்கிலும் வைத்தேன். ஃபேன் இல்லாதபோது ஒன்றுமில்லை; ஃபேன் ஓடும்போது 0.3 வோல்ட். 80 டிகிரியில் சென்சார் 320 ஓம் காட்டும், கம்ப்யூட்டர் அதை அரை வோல்ட்டுக்குச் சற்று மேலாகப் படிக்கும். அதன் மேல் இந்த 0.3 ஏறினால் எஞ்சின் இன்னும் ஆறியிருக்கிறது என்றே கணக்காகும். ஆறிய எஞ்சினுக்குக் கூடுதல் எண்ணெய் கொடுப்பதுதானே அதன் வேலை? கேட்டதை நம்பி, சொன்னபடி செய்திருக்கிறது. சென்சார்களின் எர்த் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய், கம்ப்யூட்டரின் எர்த்தை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிப் பளபளப்பாக்கிய ஒரே இடத்தில் மாட்டினேன். மேலே கிரீஸ் தடவினேன். அதன் பிறகு ஃபேன் ஓடினால் திரையில் ஒரு டிகிரிகூட அசையவில்லை. இந்தக் கடற்கரையில் என்னிடம் "கம்ப்யூட்டர் போச்சு" என்று வந்த வண்டிகளில் கம்ப்யூட்டர் உண்மையாகவே போயிருந்தது குறைவு. களிம்பு பிடித்த எர்த்தும் கப்ளரும்தான் அதிகம்.

விற்றவர் தந்த பழைய எண்ணெய் அட்டவணையைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். வேறு எஞ்சினுக்கு எழுதியது என்பது ஒன்று. இன்னொன்று, அதைச் சில ஆண்டுகளுக்கு முன்பு எழுதியிருந்தார்கள். 2022இல் நம் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் ஆயிற்று, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதக் கலவை. எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும். அதே காற்றுக்கு இந்தக் கலவையை, கலப்பில்லாத பெட்ரோலைவிட ஏழெட்டு சதவீதம் அதிகமாக ஊற்ற வேண்டும். அந்தக் காலத்து அட்டவணையை அப்படியே ஏற்றி முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் பசித்துக்கொண்டு ஓடும், சூடேறும், தட்டும்.

சைலன்சரில் காற்று-எண்ணெய் விகிதத்தை அளக்கும் ஒரு வைட்பேண்ட் சென்சார் பொருத்தி, அவர்கள் குடும்பத்து உப்பளத்துக்குள் உள்ள மண்பாதையில் டியூன் செய்தோம். விடியற்காலை ஐந்தரைக்குப் போவோம். அளத்தில் வேலைக்கு ஆள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் வெள்ளி மாதிரிக் கிடக்கும். அவன் ஓட்டுவான், நான் மடியில் லேப்டாப்போடு கட்டம் கட்டமாகத் திருத்துவேன். மூன்றாம் நாள் 3,500 சுற்றிலிருந்து 6,000 வரை ஒரே இழுப்பாக இழுத்தது. வைட்பேண்ட் முள் ஆடாமல் நின்றது. ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே மட்டத்தில் நின்ற காலம் எனக்கு ஞாபகம் வந்தது. மேஸ்திரி இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

ரோட்டில் ஓடும் வண்டிக்கு இதை நான் செய்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. துறைமுகச் சாலையில் டிரெய்லர் ஓட்டுகிற சிலர் வந்து, புகையைச் சுத்தமாக்கும் யூரியா கரைசல் ஊற்றாமலே லாரி ஓடும்படி கம்ப்யூட்டரை மாற்றித் தரச் சொல்வார்கள். கணிசமான பணம். அவர்கள் கஷ்டம் எனக்குப் புரியும், வாடகை அப்படி. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிடுவேன். நிலக்கரிப் புழுதியும் அனல்மின் நிலையச் சாம்பலும் போதாதென்று அந்தப் புகையையும் நம் பிள்ளைகள் மூக்கில் ஏற்ற நான் கை கொடுக்க மாட்டேன். பந்தயக் களத்துக்கு டிரெய்லரில் ஏறிப் போகும் கார் என்றால் வாருங்கள்.

தம்பி இரண்டு சீசன் ஓட்டினான். கல்யாணம் நிச்சயமானதும் காரைக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தனியே விற்கலாம் என்றான். போன மாதம் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, மூடியைத் திறந்து, போர்டைப் பூதக்கண்ணாடியில் ஒரு முறை பார்த்தேன். களிம்பு இல்லை. கோயம்புத்தூர்க்காரர் தந்த தாளோடு இன்னொரு தாள் சேர்த்தேன். போர்டில் எந்தப் பாலத்தை எடுத்தேன், எங்கே போட்டேன், 36 பல் சக்கரம், காந்தச் சென்சாரின் எந்த வயர் எந்தப் பின்னுக்கு, இரண்டு காயில் டிரைவர், இன்ஜெக்டர் 13 ஓம், அட்டவணை எழுதிய மாதமும் ஆண்டும், அன்றைக்குப் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு. கடைசி வரியில், ஈரம் பட்டதில்லை, உப்புக் காற்று பட்டிருக்கிறது என்று எழுதினேன். இரண்டு தாளையும் மடித்து மூடியின் உட்புறம் ஒட்டி, நாலு ஸ்க்ரூவையும் கையால் மட்டும் முறுக்கினேன், வாங்க வருகிறவர் சுலபமாகத் திறக்கட்டும் என்று.